கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் எங்கிருந்து? கல்விக் கடன், உதவித்தொகை, கட்டணச் சலுகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே, ஜூன் மாதங்களில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறோம். நானே 2010இல் கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் படித்தவன். அந்த மேசையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வருமான வரம்பு, தொகை போன்றவை அவ்வப்போது திருத்தப்படும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் வங்கிக்குத்தானே போக வேண்டும்?

இல்லை. முதலில் இ-சேவை மையத்துக்குப் போங்கள். திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் கடன் எவ்வளவு வேண்டும் என்று தெரியும். அந்தப் பணத்துக்கு வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றும் வருவாய்த் துறை கொடுப்பவை. ரிசல்ட் வந்த பிறகு ஊரே அங்கே நிற்கும். ஏப்ரலிலேயே போட்டுவிட்டால் நிம்மதி.

பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஆகஸ்டில் கல்லூரி பணம் கேட்கும், வங்கிக்கு ஓடுவார்கள், வங்கி வருமானச் சான்றிதழ் கேட்கும், அப்போதுதான் தாலுகா அலுவலகம் ஞாபகம் வரும். நடுவில் கட்டணத்துக்குக் கெடு முடிந்திருக்கும். அப்புறம் வட்டிக்காரரைத் தவிர வேறு வழி இருக்காது.

முதல் பட்டதாரி சலுகை யாருக்கு?

பெற்றோர், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி என்று குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கியிருக்கவில்லை என்றால், முதலில் கல்லூரிக்குள் போகும் பிள்ளைக்கு. சாதி பார்ப்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. 2010-11 முதல் நடப்பில் இருக்கிறது. அரசுக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வி இடம் பெற்றிருக்க வேண்டும். தனியார் பொறியியல் கல்லூரி என்றால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம்.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா, தம்பி இருவரும் படிக்கப் போகிறார்கள் என்றால், யார் தொழிற்கல்விக்குப் போகிறார்கள் என்று யோசித்துப் பயன்படுத்துங்கள். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போதே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். பிறகு கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அலைந்தவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அரசுப் பள்ளியில் படித்தால் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. இதைவிடப் பெரிய சலுகை வேறு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேர்த்திதான். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கல்விக் கடனே தேவைப்படாமல் போகலாம்.

அதோடு மாதம் 1,000 ரூபாய். பெண்களுக்குப் புதுமைப் பெண் (செப்டம்பர் 2022 முதல்), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (ஆகஸ்ட் 2024 முதல்). கலை அறிவியல், டிப்ளமோ, ஐடிஐ படித்தாலும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் இருக்கிறார்கள். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் இதை வாங்கலாம். ஆயிரம் ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். அதை வைத்துச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கீழே வட்டிக் கணக்கில் சொல்கிறேன்.

பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகள்?

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் ஆகியோருக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்குத் தனித் திட்டம். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், அதனால் சேர்ந்த முதல் மாதத்திலேயே உதவித்தொகைப் பிரிவு எந்த அறையில் இருக்கிறது, யார் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரி உங்கள் விவரத்தை யுமிஸ் (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் இணையதளம்) தளத்தில் ஏற்றி எண் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த மாநில உதவித்தொகையும் நகராது.

மத்திய அரசு உதவித்தொகை?

தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். பொறியியல், டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு ஏஐசிடிஇயின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகை: ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதே போலச் சக்ஷம். பிரகதியைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத பெண்கள்தான் எங்கள் மேசைக்கு அதிகம் வருகிறார்கள். இருக்கும் இடங்கள் குறைவு, மதிப்பெண் வரிசைப்படிதான் கொடுப்பார்கள். ஆனாலும் விண்ணப்பிக்கச் செலவு ஏதும் இல்லை.

பணம் அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள், கணக்கில் காணோமே?

பத்தில் ஒன்பது பேருக்கு இது ஆதார் சிக்கல். வங்கியில் ஆதார் கொடுத்துவிட்டேன் என்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அது இணைக்கப்பட்டிருப்பது வேறு. இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். அம்மா எப்போதோ கேஸ் மானியத்துக்குத் திறந்து மறந்த கணக்கில் உதவித்தொகை கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், அங்கே பிள்ளையின் பெயரும் சேர்ந்திருந்தது. வங்கியில் போய் “என்பிசிஐ மேப்பிங் எந்தக் கணக்கில் இருக்கிறது” என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். ஆதாரை வைத்து வரும் அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்ற பதிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சரி, இனி கடன். எவ்வளவு தருவார்கள்? சொத்து கேட்பார்களா?

வங்கிகள் பின்பற்றுவது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கிடையாது, கைப்பணம் போடவும் தேவையில்லை. அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. மேலாளர் கருணை காட்டித் தருவது அல்ல. 4 லட்சத்துக்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் உங்கள் பங்கு. 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி வங்கிக்குப் பின்னால் நிற்கிறது, அதனால் அந்த அளவு வரை அடமானமும் மூன்றாம் ஆள் ஜாமீனும் இல்லாமலே தர முடியும். அதற்கு மேல் சொத்து கேட்பார்கள்.

கடன் பிள்ளை பெயரில், பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடன்தாரர். கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி எல்லாம் கேட்கலாம். பணம் உங்கள் கைக்கு வராது, ஆண்டுதோறும் நேராகக் கல்லூரிக்குப் போகும். ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் பட்டியலையும் கட்டண விவரத்தையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உதவித்தொகையில் கழியும் கட்டணத்துக்குச் சேர்த்துக் கடன் கேட்காதீர்கள். தரவும் மாட்டார்கள், தந்தாலும் உங்களுக்குத்தான் வட்டி.

கடனே வேண்டாம், நகையை வைத்துக் கட்டிவிடலாமா?

அம்மாக்கள் கேட்கும் கேள்வி. வங்கியில் நகையை வைப்பது கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன், ஒரு செமஸ்டர் அவசரத்துக்கு அது போதும். ஆனால் நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கடன். ஆண்டுதோறும் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். நான்கு ஆண்டு படிப்புக்கு அந்த ஓட்டம் தாங்காது. படிக்கும் காலத்தில் அசல் கேட்காத கடன் கல்விக் கடன் மட்டும்தான்.

வெளி வட்டி பக்கமே போகாதீர்கள். “ரெண்டு வட்டிதான் தம்பி” என்பார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மூணு வட்டி என்றால் 36. வங்கியில் 10 சதவீதம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து “அங்கே பத்து வட்டியாம்” என்று பயந்து ரெண்டு வட்டிக்கு வாங்கிய ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். ஆண்டுக் கணக்கையும் மாதக் கணக்கையும் அவருக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

படித்து முடித்த பிறகுதானே வட்டி?

அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில். தவணை கட்டுவதுதான் படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு. வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டில் 4 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் தனிவட்டிதான் போடுவார்கள். முதலாண்டு வாங்கிய லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. இரண்டாவது லட்சத்துக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நான்காவதுக்கு 20,000. ஆக 1,40,000. தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 4 லட்சம் இல்லை, 5 லட்சத்து 40 ஆயிரம்.

அதைப் பத்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய். பதினைந்து ஆண்டு என்று நீட்டினால் சுமார் 5,803. குறைகிறதே என்று மகிழ வேண்டாம்: பத்து ஆண்டில் மொத்தம் கட்டுவது சுமார் 8.56 லட்சம், பதினைந்தில் 10.44 லட்சம்.

இப்போது அந்த ஆயிரம் ரூபாய்க்கு வருவோம். முதலாண்டில் ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய். புதுமைப் பெண் பணத்தில் அதைக் கட்டிவிட்டால் முதலாண்டு வட்டி முடிந்தது. இரண்டாம் ஆண்டில் 1,667, அடுத்து 2,500, பிறகு 3,333. முழுக்க முடியாவிட்டாலும் முடிந்ததைக் கட்டுங்கள். படிக்கும் காலத்தில் வட்டியைத் தவறாமல் கட்டி வந்தால் ஒரு சதவீதம் வட்டிக் குறைப்பும் மாதிரித் திட்டத்தில் இருக்கிறது. அதை விடுங்கள், வட்டி முழுவதும் கட்டியிருந்தால் தவணை தொடங்கும்போது கடன் 4 லட்சமாகவே நிற்கும். பத்து ஆண்டுத் தவணை 5,286. முதல் சம்பளம் வாங்கும் பையனுக்கு மாதம் 1,850 ரூபாய் வித்தியாசம் பெரிது.

அந்த வட்டியை அரசு கட்டும் என்கிறார்களே?

2009-10 முதல் மத்திய வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பப் படிப்பு என்றால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்குமான வட்டியை அரசு கட்டும். கல்லூரிக்கோ படிப்புக்கோ உரிய தர அங்கீகாரம் இருக்க வேண்டும். மேலே பார்த்த கணக்கில் அந்த 1,40,000 ரூபாய் மொத்தமும் இதில் போய்விடும். வாழ்நாளில் ஒரு முறைதான்: இளநிலைக்கோ முதுநிலைக்கோ.

மானியத்தை நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது, உங்கள் வங்கிக் கிளை கேட்க வேண்டும். இதில் எனக்கே அடி விழுந்தது. கடன் வாங்கும்போது வருமானச் சான்றிதழைக் கொடுத்தேன், அவர்களும் வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். மானியத்துக்கு யாரும் அனுப்பவில்லை. நான்காம் ஆண்டில் பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் கிளையில் மூன்று மேலாளர்கள் மாறியிருந்தார்கள், கேட்டால் ஒவ்வொருவரும் முந்தையவரைக் கைகாட்டினார்கள். கடைசி ஆண்டு மானியம் மட்டும் வந்தது. அதனால் சொல்கிறேன், சான்றிதழைக் கொடுக்கும்போது நகலில் முத்திரை போட்டு வாங்குங்கள், ஆண்டுக்கு ஒருமுறை போய் மானியம் கேட்டாயிற்றா என்று விசாரியுங்கள்.

பிரதமர் வித்யாலட்சுமி என்பது இதுதானா?

வேறு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. தேசியத் தரவரிசையில் முன்னால் இருப்பவை, மத்திய அரசு நிறுவனங்கள் என்று 860 கல்வி நிறுவனங்களில் தொடங்கினார்கள். அவற்றில் இடம் கிடைத்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, வேறு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்காவிட்டால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. நம் மாவட்டத்துச் சாதாரணத் தனியார் கல்லூரி அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் கடனே கிடைக்காது என்று அர்த்தம் இல்லை. மேலே சொன்ன மாதிரித் திட்டம் அப்படியே இருக்கிறது.

மேலாளர் முடியாது என்கிறார். என்ன செய்வது?

“முடியாது” என்று வாயால் சொன்னால் அது மறுப்பே இல்லை, பதிவே இல்லாத பேச்சு. இணையத்தில் விண்ணப்பித்து எண் வாங்குங்கள், அல்லது கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும், அதையும் மேல் அதிகாரியின் ஒப்புதலோடுதான் செய்ய வேண்டும். “எங்கள் கிளையின் எல்லைக்குள் உங்கள் வீடு இல்லை” என்பது செல்லுபடியாகும் காரணம் அல்ல. ரிசர்வ் வங்கியே அப்படிச் சொல்லியிருக்கிறது.

எழுத்தில் கேட்டவுடனேயே பாதிப் பேருக்கு வழி திறந்துவிடுகிறது. திறக்காவிட்டால் வங்கியின் மண்டல அலுவலகம். முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் நடத்தும் கல்விக் கடன் முகாமையும் விடாதீர்கள். கிளையில் ஒரு மாதம் இழுக்கும் விண்ணப்பம், ஆட்சியர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் ஒரே நாளில் நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு சிபில் ஸ்கோர் மோசம். பிள்ளைக்குக் கடன் கிடைக்காதா?

சிபில் ஸ்கோர் என்பது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்பதற்கான மதிப்பெண். வங்கிகள் அதைக் காரணம் காட்டுவது உண்மை. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. கிளையில் தீர்ப்பைக் காட்டிச் சண்டை போடுவதைவிட, முதலில் அம்மாவைக் கூட்டுக் கடன்தாரராகப் போடலாமா என்று கேளுங்கள். பல வீடுகளில் அதிலேயே முடிந்துவிடுகிறது.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால்?

முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது, 7.5 சதவீதமும் கிடையாது. கடன் தருவது வங்கியின் விருப்பம். கலந்தாய்வில் கிடைக்கும் சுமாரான கல்லூரியா, பணம் கட்டிச் சேரும் ‘நல்ல’ கல்லூரியா என்று யோசிப்பவர்கள் இந்த மூன்றையும் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடனோடு காப்பீடும் எடுக்கச் சொல்கிறார்கள்.

கட்டாயமா என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையில் ஒரு சிறிய ஆயுள் காப்பீடு தவறில்லை, பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் கடன் பெற்றோர் தலையில் விழாது. ஆனால் சேமிப்புத் திட்டத்தைக் கடனோடு கட்டி விற்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படித்து முடித்தும் வேலை கிடைக்கவில்லை என்றால்?

ஒளியாதீர்கள். தவணை தவறித் தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போய்விடும். அப்புறம் உங்கள் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே கெடும். அதற்கு முன்பே எழுதிக் கொடுத்துத் தவணைத் தள்ளிவைப்பு கேளுங்கள். வேலையில்லாத காலத்துக்கு, ஒரு தடவைக்கு ஆறு மாதத்துக்கு மிகாமல், கடன் காலத்தில் இரண்டு மூன்று தடவை தள்ளிவைக்க மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. முதலில் குறைவாகவும் சம்பளம் ஏற ஏறக் கூடுதலாகவும் தவணை அமைக்கவும் கேட்கலாம்.

தேர்தல் வந்தால் தள்ளுபடி செய்துவிடுவார்களாமே?

நம்பிக் கட்டாமல் இருக்காதீர்கள். வங்கி சிபிலுக்கு அனுப்பும் விவரத்தில் வாக்குறுதிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. என்னோடு படித்த ஒருவன் அப்படிக் காத்திருந்தான். வீட்டுக் கடன் கேட்கப் போனபோதுதான் பழைய கல்விக் கடன் எத்தனை மடங்காக நிற்கிறது என்று பார்த்தான்.

படிப்பைப் பாதியில் நிறுத்தினால்?

மானியம் போய்விடும், கடன் போகாது. உடல்நலம் போன்ற காரணம் இருந்தால் ஆவணத்தோடு வங்கியிடம் முதலில் நீங்களே சொல்லுங்கள்.

வருமான வரியில் கழிவு உண்டா?

பழைய வரி முறையில் 80இ பிரிவின்படி வட்டிக்கு மட்டும், எட்டு ஆண்டு வரை, உச்சவரம்பு இல்லாமல். அசலுக்குக் கிடையாது. புதிய முறையில் இந்தக் கழிவே இல்லை.

கடைசித் தவணை கட்டியாகிவிட்டது. வேறு ஏதாவது?

கடன் முடிந்ததற்கான சான்றிதழை அன்றே கேட்டு வாங்குங்கள். சொத்து ஆவணம் கொடுத்திருந்தால் அதையும். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, கணக்கு மூடப்பட்டது என்று வந்திருக்கிறதா பாருங்கள். பிள்ளையின் அறிக்கை, கூட்டாகக் கையெழுத்துப் போட்டவரின் அறிக்கை, இரண்டையும்.